நீல லேஞ்சி ஆட்டிய மாப்பிள்ளைகள்

நன்றாக விளையாடுகிற கழகத்தைத்தான் கிண்ணப் போட்டிக்குக் கூப்பிடுவார்கள் என்று ஒன்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையைப் பாதி கெடுத்தவர் மாமா. அம்மாவின் தம்பி, எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளர், அப்போது கலியாணம் முடிக்காதவர். மீதிப் பாதியைக் கெடுத்தவர் அப்பா.

வாவிக்குக் கிழக்கே எங்கள் எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. இரண்டு கரைக் கழகங்களும் பருவம் முழுக்க ஒன்றோடொன்று மோதும். பருவம் முடிந்ததும் பட்டணத்து மைதானத்தில் எட்டுக் கழகங்களுக்கு மட்டும் கிண்ணப் போட்டி. ஒவ்வொரு கரையிலும் முதலாவதாக வந்த கழகம் தானாகவே போய்விடும். மற்றவர்களுக்கு அழைப்புக் கடிதம் வரவேண்டும். தோற்றதைவிட வென்றது கூடவாக இருந்தால் கடிதத்தை எதிர்பார்க்கலாம், அவ்வளவுதான் விதி. யாருக்குக் கடிதம் என்பதைத் தெரிவுக் குழு தீர்மானிக்கும். எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது, மாமாவைத் தவிர.

“அவனுகள் பந்தப் பாக்க வாறல்ல, சனத்தப் பாக்கத்தான் வாறானுகள். ஆருக்குச் சனம் கூடவோ அவனுக்குத்தான் கடிதம்” என்பார்.

நாலு வருடமாக அந்தக் கடிதம் மாமாவின் கைக்கு எட்டுவதுபோல வந்து தப்பிக்கொண்டிருந்தது. அந்த வருடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு இடம். அதற்கு எங்கள் கழகமும், படுவான்கரையில் அப்பா பிறந்த ஊர்க் கழகமும் சரிசமமாக நின்றன. கடைசி ஆட்டம் இந்த இரண்டுக்கும், அதுவும் எங்கள் மைதானத்தில். தெரிவுக் குழு நேரில் பார்க்க வருகிறது என்று கேள்விப்பட்டதும் மாமாவுக்கு நித்திரை போய்விட்டது.

நீலத் துணி வாங்கிவந்தார். அம்மா அதைக் கைக்குட்டை அளவு லேஞ்சிகளாக வெட்டி ஓரம் தைத்தார். மாமா வீடு வீடாகப் போய் ஆண்கள் ஒருவர் விடாமல் கையில் ஒன்று கொடுத்து, “கோல் விழுந்தா எல்லாரும் ஒழும்பி இத ஆட்டோணும்” என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னார். பெண்களுக்கு வேறு வேலை. குழுவுக்கு மத்தியானச் சாப்பாடு நண்டுக்கறி, இறால், கோழி என்று தடபுடலாக ஏற்பாடாகியிருந்தது. அதனால் ஊரில் சட்டி பிடிக்கத் தெரிந்த பெண்களெல்லாம் எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் நின்றார்கள்.

நான் மட்டும் மிச்ச லேஞ்சிப் பையோடு மைதானத்துக்குப் போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அப்பா சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. வயலுக்குப் போவார், வருவார், அம்மா கேட்டதற்கு ஓம் என்பார்.

தெரிவுக் குழுவில் ஐந்து பேர். நடுவில் இருந்தவர் மடியில் ஒரு கொப்பியை விரித்துக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். முதல் கோலை நாங்கள் அடித்தோம். எங்கள் ஆட்கள் பரிசளிப்பு விழாவில் தட்டுவதுபோல மரியாதையாகக் கை தட்டினார்கள். லேஞ்சிகள் சட்டைப் பையிலேயே இருந்தன. இரண்டாவது கோலுக்கும் அதே மரியாதை. மாமா ஓரமாக நின்று ஆட்டுங்கோ ஆட்டுங்கோ என்று கையால் காட்டிக் களைத்துப்போனார்.

பிறகு அக்கரைக்காரர்கள் ஒரு கோல் அடித்தார்கள்.

என் பக்கத்தில் ஏதோ வெடித்தது. பார்த்தால் அப்பா. கதிரையில் ஏறி நின்று, சாரம் அவிழ்வதுகூடத் தெரியாமல், “அடிச்சான்டா என்ட தம்பி!” என்று நீல லேஞ்சியைத் தலைக்குமேல் சுழற்றினார். அவர் மட்டுமல்ல. மைதானத்தில் முக்கால்வாசிப் பேர் எழும்பி ஆடினார்கள். மாமா கொடுத்த லேஞ்சி ஒன்றுகூட வீணாகவில்லை.

எங்கள் பகுதியில் கலியாணம் முடித்தால் வீடு மாறுவது ஆண்தான். பெண்ணுக்கு வீடு வளவு கொடுத்து அங்கேயே வைத்துக்கொள்வார்கள், மாப்பிள்ளை தன் ஊரை விட்டு வந்து சேருவார். எங்கள் ஊரும் அப்பாவின் ஊரும் நெடுங்காலமாகக் கொண்டு கொடுத்த ஊர்கள். மாமா, ஊரிலேயே பிறந்த பெண்களை அடுப்படியில் நிறுத்திவிட்டு, ஊருக்கு வந்த மாப்பிள்ளைகளால் மைதானத்தை நிறைத்திருந்தார்.

ஆட்டத்தில் வென்றது நாங்கள்தான், இரண்டுக்கு ஒன்று. ஆனால் கொப்பிக்காரர் நண்டுக்காலைக் கடித்தபடி மாமாவிடம் வியந்தார்: “சும்மா சொல்லப்படா தம்பி, அடுத்தவன்ட ஊருலயே அவங்களுக்கு இவ்வளவு சனம். பட்டணத்துக்கு வந்தா எவ்வளவு வரும்!” அடுத்த கிழமை கடிதம் வாவியைக் கடந்து போய்விட்டது.

“கூட்டிட்டுப் போன ஆக்கள் எந்த ஊரில பிறந்த ஆக்கள் எண்டு யோசிச்சியாடா?” என்று அம்மா மாமாவைக் கேட்டார். மாமா அன்றிலிருந்து அப்பாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். ஒரே வளவுக்குள் இருந்துகொண்டு, “உன்ட அப்பாட்டச் சொல்லு, தண்ணி மோட்டர நிப்பாட்டச் சொல்லி” என்று என்னைத் தூது விட்டார். நானும் மாமா கட்சிதான். அப்பாவின் சைக்கிளில் ஏறமாட்டேன் என்று இரண்டு நாள் பள்ளிக்கு நடந்து போனேன். அப்பா மட்டும் அந்த லேஞ்சியைத் துவைத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி திரிந்தார்.

இரண்டு வருடம் கழித்து மாமாவுக்குக் கலியாணம் பொருந்தியது. பெண் அப்பாவின் ஊர். மாமா ஒரு சூட்கேசோடு அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தார்.

அந்த வருடமும் இரண்டு கழகங்களும் மோதின, இந்த முறை அவர்களுடைய மைதானத்தில். தெரிவுக் குழுவும் கொப்பியோடு வந்திருந்தது. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய் எங்கள் ஊர்க்காரரோடு இருந்தார். எங்கள் பையன் ஒருவன் கோல் அடித்தான். எதிர்ப்பக்கம், படுவான்கரைச் சனத்தின் நட்டநடுவில், ஒரே ஒரு ஆள் துள்ளி எழும்பினார். மாமா! எழும்பிய பிறகுதான் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். மாமனார், மச்சினன்மார், ஊர், உலகம் எல்லாம் அவரையே பார்த்தன. தூக்கிய கையை இறக்கவும் தெரியாமல், உட்காரவும் தெரியாமல் நின்றார்.

அப்பா எழும்பினார். கோல் கம்பத்துக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். பையிலிருந்து நீல லேஞ்சியை எடுத்து மாமாவின் கையில் வைத்துவிட்டு, பக்கத்தில் தானும் நின்று கை தட்டினார். ஆட்டம் முடியும்வரை அங்கேயே இருந்துவிட்டார்.

எனக்குக் கோபம் பொங்கியது. பார், திரும்பவும் தன் ஊர்ப் பக்கம் போய்விட்டார், எங்கள் லேஞ்சியையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்! வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் கோள் சொல்லிவிட்டு, திட்டு விழும் என்று காத்திருந்தேன். அம்மா சட்டியைக் கிளறி, இருந்ததில் பெரிய மீன் துண்டாகப் பார்த்து அப்பாவின் சோற்றுக் கோப்பையில் வைத்தார். எனக்குக் கிடைத்தது வால் துண்டு. நியாயமே இல்லாத வீடு என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.