ராணி கேட்டு வாங்கிய சாலை

ஓமானில் சோஹார் நகருக்கு வெளியே நாங்கள் சாலை போட்டபோது எங்கள் சைட் இன்ஜினீயர் ஒரு வெள்ளைக்காரர். வெயிலில் சிவந்த கழுத்து, நரைத்த புருவம், நெடுநெடுவென்ற உயரம். முடிந்த சாலையில் முதல்முறை வண்டியில் போகவே மாட்டார், நடந்துதான் பார்ப்பார். டிரைவரான நான் காரைப் பின்னால் மெதுவாக ஓட்டி வருவேன்.

"ஏன் சார் இந்த வெயில்ல நடக்கிறீங்க?" என்று அரைகுறை ஆங்கிலத்தில் ஒருநாள் கேட்டேன்.

வேல்ஸில் அவருடைய ஊர் மலைமேல் ரோமானியர் காலத்துச் சாலை ஒன்று இருக்கிறதாம். "எங்களை அடக்க வந்த பட்டாளம் போட்டது. ஆனா எங்கம்மாவைக் கேட்டா, எங்க ராணி ரோம் சக்கரவர்த்திகிட்ட கேட்டு வாங்கின சாலைன்னு சொல்வாங்க. ஊரே அப்படித்தான் சொல்லும்."

"எது சார் நிஜம்?"

"போட்டது பட்டாளம்தான். அவங்க போயிட்டாங்க. அதுக்கப்புறம் நடந்து நடந்து எங்க சாலையா ஆக்கிக்கிட்டோம்."

திறப்பு விழாவுக்கு முந்தின மாலை எங்களைத் தொழிலாளர் கேம்ப்புக்கு ஏற்றிப்போகும் பஸ் வந்து நின்றது. "யல்லா, ஏறுங்க!" என்று ஃபோர்மேன் விரட்டினார். இன்ஜினீயர் தடுத்தார். "நாளைக்கு கார்கள் வந்துடும். இன்னைக்கு இவங்க நடக்கட்டும்."

முதலில் தயங்கினோம். பிறகு அவரோடு சாலை முழுக்கப் பரவி நடந்தோம். தார் போடும் புதுக்கோட்டைக்காரர் ஒருவர் மனைவிக்கு வீடியோ கால் போட்டு, "இங்க பாரு, நம்ம ரோடு!" என்று காட்டினார்.

என்ன சொல்கிறார் என்று இன்ஜினீயர் கேட்டார். சொன்னேன். உடனே அவர் சாலையை விட்டு மணலில் இறங்கி ஓரமாக நின்றார். நாங்கள் எல்லோரும் கடந்து போகும்வரை மேலே ஏறவில்லை.

ஏன் இறங்கினார் என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை.