அரிசிப் பைக்குள் ஒளித்த நாக்கு

மெல்பேர்னில் வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்து வீடு திரும்பும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். இந்த நாட்டில் ஏதும் சண்டை தொடங்கிவிட்டதா? பெருந்தெரு முழுக்க வாகனங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ட்ரெயிலர், அதன்மேல் மெத்தை, கதிரை, அடுப்பு, தண்ணீர்க் கலன், சைக்கிள். எங்கள் அனுபவத்தில் சனம் இப்படி வீட்டைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஒரே திசையில் போகிறதென்றால் பின்னால் ஷெல் விழுகிறது என்று பொருள். இங்கே அவர்கள் சிரித்துக்கொண்டு போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அதே சாமான்களோடு, மூக்கு சிவந்து, திரும்பி வருகிறார்கள். காம்பிங் போனார்களாம். நல்ல வீட்டை மூன்று நாள் பூட்டிவைத்துவிட்டு மரத்தடியில் படுப்பதற்கு இங்கே அதுதான் பெயர்.

நாங்களும் போகவேண்டும் என்று என் மகள் அபி பல்கலைக்கழகம் தொடங்கிய நாளிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தாள். மனைவி மலர் மசியவில்லை. அவள் ஊரில் ஒரு வருடத்துக்கு மேல் அகதிக் கூடாரத்தில் இருந்தவள். "எனக்கு அதைச் சும்மா தந்தவங்கள், அப்பவே நான் படுக்க விரும்பேல்லை. இப்ப காசு குடுத்துப் படுக்கிறதோ?" என்று கேட்டாள். ஆனால் கிரெக் தன்னுடைய ட்ரெயிலரைத் தரச் சம்மதித்தபின் என்னால் பின்வாங்க முடியவில்லை.

கிரெக் டண்டினொங்கில் நான் வேலை செய்யும் பண்டகசாலையில் பல வருடங்களாக என்னோடு ஒரே ஷிஃப்ட். வணக்கம் சொல்வான், காலநிலை பற்றிப் பேசுவான், அதோடு சரி. இந்த நாட்டில் வங்கி எனக்குக் கடன் தந்திருக்கிறது, அரசாங்கம் குடியுரிமை தந்திருக்கிறது, ஆனால் ஒரு மனிதன் தன்னுடைய பொருளைத் தூக்கி "கொண்டுபோ" என்று தந்தது அதுதான் முதல் தடவை. அந்த ட்ரெயிலரை ஒரு கீறல் விழாமல் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று அன்றைக்கே மனதுக்குள் நேர்ந்துகொண்டேன். விழுந்தால் திங்கட்கிழமை அவன் முகத்தில் எப்படி முழிப்பது?

ட்ரெயிலரைக் காரோடு கொழுவும் விதத்தைக் கிரெக்தான் காட்டித் தந்தான். காரின் பின்பக்கம் ஒரு சதுரக் குழாய் இருக்கும். அதற்குள் ஒரு இரும்புத் துண்டைச் செருகி, குறுக்கே பின் எனப்படும் ஒரு இரும்பாணியைப் போட்டு இறுக்கவேண்டும். அந்தத் துண்டின் நுனியில் இருக்கும் உருண்டையில்தான் ட்ரெயிலரின் வாய் வந்து கவ்வும். அந்தத் துண்டை இவர்கள் டங் என்கிறார்கள். நாங்கள் வீட்டில் அதை நாக்கு என்றே சொல்லத் தொடங்கிவிட்டோம். கிரெக் அதையும் தந்து, ட்ரெயிலரின் வாய்க்கு ஒரு பூட்டும் தந்து, ஒரு எச்சரிக்கையும் தந்தான். முகாமில் நாக்கைக் காரில் விடாதே, யாராவது கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள், கழற்றி ஒரு பையில் சுற்றிக் காரின் டிக்கிக்குள் பூட்டி வை என்றான். டிக்கி என்றது என் காதில் ஏறவில்லை. போய்விடுவார்கள் என்றது மட்டும் ஏறிவிட்டது.

கிப்ஸ்லாண்ட் பக்கம், கடலுக்கும் காட்டுக்கும் நடுவில் இடம் கிடைத்தது. தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. எங்களுக்கு ஒரு பக்கத்தில் சிட்னிக்குத் தெற்கேயிருந்து கரவன் என்ற வீட்டு வண்டியில் வந்த ஒரு வயதான கணவனும் மனைவியும். அந்த அம்மாவின் பெயர் மார்கரெட். மறுபக்கத்தில் ஷேன் என்ற ஒருவன், யூட் என்ற திறந்த பின்தட்டு வண்டியோடு தனியாக. கூடாரம் அடிக்க எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. முன்னர் கூடார வாசியாக இருந்த மலர் ஒரு கதிரையில் இருந்து பிழை பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் எழும்பி வந்து அவளே கயிறுகளை இழுத்துக் கட்டினாள். அதற்குப் பிறகு அது அசையவில்லை.

அன்று பின்னேரம் ஷேன் ஒரு பியர்க் கலனோடு வந்து என் காரின் பின்னால் நின்றான். குனிந்து நாக்கைப் பார்த்தான், புதுசா என்று கேட்டான். நான் தலையாட்டினேன். பிறகு, இரவில் இதைக் கழற்றி வைப்பாய்தானே, எங்கே வைப்பாய் என்று கேட்டான்.

களவெடுக்க வருகிறவன்தானே, பொருளை இரவில் எங்கே வைப்பாய் என்று கேட்பான்? நான் எல்லாம் விளங்கிய மாதிரிச் சிரித்து, அது கழலாது, துருப்பிடித்துவிட்டது என்றேன். புதுசு என்று தலையாட்டி முடித்த வாய். அவன் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, "நோ வொரிஸ், மேட்" என்று போய்விட்டான். வொரி முழுவதும் எனக்குத்தான்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பொருளைப் பூட்டி வைப்பதில் நம்பிக்கை கிடையாது. பூட்டு என்பது உள்ளே ஏதோ இருக்கிறது என்று திருடனுக்குச் சொல்லும் அறிவித்தல். ஊரில் நாங்கள் இடம்பெயர்ந்தபோது, எங்கள் ஒழுங்கையில் இருந்த எல்லோருடைய சாமான்களும் சித்தப்பாவின் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறின. பெட்டியை இயந்திரத்தோடு கொழுவும் பின்னைச் சித்தப்பா ஒவ்வொரு தரிப்பிலும் கழற்றிச் சாரத்தின் மடிக்குள் முடிந்துகொள்வார். பின் இல்லாத பெட்டியை ஒருவராலும் இழுத்துக்கொண்டு போக முடியாது. குளிக்கப் போனாலும் அது இடுப்பில் இருக்கும். அம்மா தன் சங்கிலியையும் காப்பையும் அரிசி மூட்டைக்குள் புதைத்திருந்தா. எத்தனையோ சோதனைச் சாவடியில் மூட்டைகளை அவிழ்த்துப் பார்த்தார்கள், அரிசிக்குள் ஒருவரும் கைவிடவில்லை. சித்தப்பாவின் இடுப்பும் அம்மாவின் அரிசியும்தான் நான் படித்த பாதுகாப்புப் பாடம்.

நாக்கு இடுப்பில் கட்டக்கூடிய சாமான் அல்ல. ஆகவே அபியும் மலரும் கடற்கரைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அதைப் பின்னோடு சேர்த்துக் கழற்றி, கிறீஸ் படாமல் இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி, அரிசிப் பையின் அடியில் புதைத்துவிட்டேன். மூன்று பேருக்கு மூன்று நாளுக்கு மலர் பத்துக் கிலோ அரிசி கொண்டுவந்திருந்தாள். ஒருவருக்கும் சொல்லவில்லை. இரகசியம் இரண்டு பேருக்குத் தெரிந்தால் அது செய்தி என்பது என் கொள்கை. அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஷேனை அடுத்த நாள் கண்டபோது கொஞ்சம் ஏளனமாகக்கூடச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் மார்கரெட் ஒரு கேக் சுட்டுத் தகரத் தட்டோடு கொண்டுவந்து தந்தா. மூன்றாம் நாள் காலையில் வனக் காவலரான ரேஞ்சர் வந்தார். காற்று திரும்பப்போகிறது, காட்டுத்தீ அபாயம் கூடிவிட்டது, மத்தியானத்துக்குள் எல்லோரும் வெளியேறவேண்டும், அதற்குப் பிறகு வாசலைப் பூட்டிவிடுவோம் என்றார். அவர் அதைக் கடைக்குப் பால் வாங்கப் போகச் சொல்வதைப்போலச் சொன்னார். சனமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. எனக்கும் மலருக்கும் மட்டும் உடம்பு பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. இதில் நாங்கள் பழுத்தவர்கள். முக்கால்வாசிச் சனம் கோப்பி குடித்து முடிக்க முன்னரே எங்கள் கூடாரம் மடிந்து, பாய் சுருண்டு, ட்ரெயிலர் கட்டி முடிந்துவிட்டது. அபி எங்களை வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

இனி நாக்கைச் செருகவேண்டியதுதான். ட்ரெயிலருக்குள் தேடினேன், அரிசிப் பை இல்லை. கட்டியதை அவிழ்த்துத் தேடினேன். காருக்குள் தேடினேன்.

"அரிசி எங்கை?" என்று மலரைக் கேட்டேன்.

"அந்த மார்கரெட் அன்ரியிட்டைக் குடுத்திட்டன்."

"முழுக்கவோ?"

"வேற என்ன செய்யிறது? கேக் தந்த தட்டை வெறுமையாத் திருப்பிக் குடுக்கேலுமே? சமைக்க நேரமில்லை. அரிசியெண்டாலும் போகட்டும் எண்டு பையோட குடுத்தன். அவை எங்களுக்கு முன்னமே கரவனோட போயிட்டினம்."

மலர் கேட்டதில் பிழையில்லை. வந்த தட்டு வெறுமையாகத் திரும்பிப் போகக்கூடாது என்று நானும் சொல்லித்தான் வளர்க்கப்பட்டவன். நான் நிலத்தில் குந்திவிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். பை ஏன் அவ்வளவு பாரம் என்று தானும் யோசித்ததாகவும், மார்கரெட்டின் கணவருக்கு நாரி நோவு, குனிய முடியாது என்பதால் ஷேனைக் கூப்பிட்டுத் தூக்கி வைக்கச் சொன்னதாகவும் மலர் சொன்னாள். எவனிடமிருந்து ஒளித்தேனோ அவன் கையாலேயே அது கரவனில் ஏறிப் போயிருக்கிறது.

காட்டின் மேலே வானம் மங்கத் தொடங்கியிருந்தது. ட்ரெயிலரை விட்டுவிட்டுப் போவோம், மனிதர்கள் முக்கியம் என்றாள் அபி, ஆங்கிலத்தில். சரியான கதைதான். ஆனால் கிரெக்கின் ட்ரெயிலரை நெருப்புக்கு விட்டுவிட்டு வந்தேன் என்று நான் எப்படிச் சொல்வேன்? எதையாவது விட்டுவிட்டு வருவதிலேயே என் அரைவாசிச் சீவியம் போய்விட்டது. இந்த ஒன்றையாவது கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும் என்று எனக்குப் பிடிவாதமாக இருந்தது. கண் கலங்கிவிட்டது. புகை என்று அபிக்குச் சொன்னேன். புகை இன்னும் வந்திருக்கவில்லை.

ஷேன் வந்து என்ன பிரச்சினை என்று கேட்டான். அபி சொன்னாள். அரிசிக்குள் என்ற இடத்தில் அவன் இரண்டாம் முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டான். சிரிக்கவில்லை. தன் யூட்டின் பின்தட்டில் இருந்த பெட்டியைத் திறந்து, பழைய சாக்கில் சுற்றிய ஒரு நாக்கை எடுத்து வந்து, என் காரில் செருகிப் பின்னைப் போட்டான். இங்கே குழாயும் உருண்டையும் பெரும்பாலும் ஒரே அளவு என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அவனுக்கு இழுத்துப்போக ட்ரெயிலர் எதுவும் இல்லை. போன வருடம் இதே முகாமில் தன்னுடைய முந்திய நாக்கை யாரோ களவெடுத்துவிட்டார்களாம், அதனால்தான் முதல் நாளே என்னை எச்சரிக்க வந்தானாம். பிறகு தன் விலாசத்தைச் சொன்னான். வீடு டண்டினொங்கில்தான். அபி அதைத் தொலைபேசியில் பதிந்தாள்.

"எப்பவாவது கொண்டுவந்து போடு. நான் இல்லாவிட்டால் தபால் பெட்டிக்குப் பின்னால் எறிந்துவிட்டுப் போ" என்றான். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அடுத்த நாளே கொண்டுபோனேன். வீட்டில் ஒருவரும் இல்லை. தபால் பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டுக் காரில் ஏறினேன், இறங்கினேன், எடுத்தேன், புல்லால் மூடினேன், மறுபடியும் எடுத்தேன். களவு கொடுத்த மனிதனின் பொருளைத் தெருவில் எறிந்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை. கடைசியில் நாக்கை மடியில் வைத்துக்கொண்டு அவன் வேலையால் வரும்வரை காரில் காவல் இருந்தேன். வந்தவன் என்னைக் கண்டு, ஏதும் உடைந்துவிட்டதா என்று பயந்துபோனான். மலர் தந்துவிட்ட வடையைக் கொடுத்தேன். ட்ரெயிலர் முகாமிலிருந்து வந்த அன்றே கீறல் இல்லாமல் கிரெக்கிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அவனுடைய நாக்கைப் பற்றி அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதே வாரம் மார்கரெட் தொலைபேசி எடுத்தா. சோறு காய்ச்சும் முறையைச் சொல்லிக்கொடுப்பதற்காக மலர் இலக்கத்தைக் கொடுத்திருந்தாள். அரிசிக்குள் ஒரு இரும்பு இருக்கிறது, அதை அரிசியோடு சேர்த்து அவிக்கவேண்டுமா அல்லது பிறகு போடவேண்டுமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டா. அபி சிரித்த சிரிப்பில் மலருக்குத்தான் பதில் சொல்லவேண்டி வந்தது. அவர்களுடைய வீடு சிட்னிக்குத் தெற்கே இருக்கும் ஹெலன்ஸ்பர்க் கோயிலிலிருந்து அரை மணி நேர ஓட்டம். நேர்த்தி ஒன்று இருந்தது, அடுத்த மாதம் போய் வெங்கடேஸ்வரரையும் கும்பிட்டு, நாக்கையும் எடுத்து வந்து கிரெக்கிடம் சேர்த்தோம். மார்கரெட் அதைக் கழுவித் துடைத்து, ஒரு தட்டில் வைத்துத் தந்தா. அந்தத் தட்டு இப்போது எங்கள் குசினியில் இருக்கிறது, அதையும் வெறுமையாகத் திருப்ப முடியாது.

போன மாதம் நாங்களே ஒரு பழைய ட்ரெயிலர் வாங்கிவிட்டோம். நாக்கைக் கழற்றி ஒளிப்பதை நான் விட்டுவிட்டேன். தெருவில் உள்ள மற்ற எல்லாக் கார்களையும்போல எங்கள் காரிலும் அது வெளியே நீட்டிக்கொண்டு இருக்கிறது, போகிற வருகிறவர்களின் முழங்காலை இடித்துக்கொண்டு. குறுக்கே போடும் பின்னுக்கு மட்டும் ஒரு சின்னப் பூட்டு. அதன் சாவி அரிசி வாளிக்குள். மலர் அரிசி அள்ளும்போது பேணியில் அது தட்டுப்படும். எடுத்துப் பார்ப்பாள். பிறகு இன்னும் கொஞ்சம் ஆழமாகப் புதைத்து வைப்பாள்.