பன்னிரண்டாவது கருவி

அந்தத் தொழிற்சாலையில் அவளைச் சூட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடைவாய்ப் பல்லை அறுத்தெடுக்கப் பல் டாக்டர்கள் பிடிக்கும் ஹேண்ட்பீஸ் என்ற கைக்கருவி எவ்வளவு சூடாகிறது என்று அளப்பது அவள் வேலை. பதினாறு வருடமாக அதையே செய்கிறாள்.

அவளுடைய கொழுந்தன் மனைவிக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். ஓரகத்தி வந்து நான்கே வருடத்தில், கருவியை விற்க அரசிடம் கேட்கும் அனுமதிக் கோப்பு தயாரிக்கும் பிரிவுக்குத் தலைவியாகிவிட்டாள். கண்ணாடி அறை, சுழல் நாற்காலி. வீட்டில் மாமியார், "சின்னவ கையெழுத்துப் போட்டாத்தான் கருவி வெளியவே போகுமாம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். யார் அளந்து கொடுத்ததற்குக் கையெழுத்து என்று ஒருவரும் கேட்டதில்லை. சூட்டக்காவுக்கு வயிறு எரியும்.

புதிய ஹேண்ட்பீஸ் ஒன்றின் கோப்பு வெள்ளிக்கிழமை அரசு அலுவலகத்துக்குப் போகவேண்டும். பன்னிரண்டு கருவிகளை இருநூறு தடவை நீராவியில் கிருமி நீக்கிவிட்டு, திங்கட்கிழமை அவள் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள். வாய்க்குள் கன்னம் உரசி அழுத்துவதுபோல் தலைப்பகுதி மூடியை அழுத்தி அளக்கவேண்டும். பதினொன்று தேறின. பன்னிரண்டாவது, வரம்புக்கு மேல் ஒன்பது டிகிரி சுட்டது.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். இது தெரியாமல் கோப்பு போகட்டும், அங்கே மறுபடி சோதித்துத் திருப்பி அடிக்கட்டும், கண்ணாடி அறைக்காரி முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கலாம். அளவுத் தாளை மேசை இழுப்பறையில் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஓரகத்தி வந்து, "அக்கா, கடைசி அளவு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"ஓட்டிக்கிட்டிருக்கேன்."

புதன்கிழமை அதே கருவியை மறுபடி ஓட்டினாள். அதே சூடு. மூடியைத் தன் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்தாள். சுரீரென்றது, கையை இழுத்துக்கொண்டாள். ஊசி போட்டு மரத்துப்போன கன்னத்துக்கு இது தெரியாதே, இழுத்துக்கொள்ளாதே என்று அப்போதுதான் உறைத்தது.

வியாழக்கிழமை சொல்லிவிட்டாள். அதையும் தனியாகச் சொல்லவில்லை. மேலாளர் முன்னால், எல்லாரும் கூடியிருந்த கூட்டத்தில் தாளை எடுத்து வைத்தாள். ஓரகத்தி அதைப் படித்தாள். "கோப்பு நாளைக்குப் போகாது சார். உள்ள சுத்துற பேரிங்கைப் பாக்கணும். அக்கா பிடிச்சது நல்லதாப் போச்சு" என்றாள். மேலாளர் பாராட்டினார். யாரை? நேர்மையாகக் கோப்பை நிறுத்தியதற்கு ஓரகத்தியை.

வெளியே வந்ததும் ஓரகத்தி மெதுவாகச் சொன்னாள். "தாள்ல திங்கக்கிழமைன்னு இருக்குக்கா."

சூட்டக்கா தாளை வாங்கித் தேதியைப் பார்த்தாள்.

"இருக்கிறபடிதான் கோப்புல வைப்பேன். ஏன் தாமதம்னு நீங்களே எழுதிக் குடுத்துடுங்க."

'உடனே சொல்லவில்லை. தவறு என்னுடையது' என்று எழுதிக் கொடுத்தாள். காரணம் எழுதவில்லை. ஓரகத்தியும் கேட்கவில்லை, வீட்டிலும் மூச்சு விடவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருக்கலாம். மேலாளர் கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தைவிட ஓரகத்தி கேட்காததுதான் அவளை உறுத்தியது.

பேரிங்கை மாற்றி, முதலிலிருந்து சோதித்து, ஏழு மாதம் கழித்து அனுமதி கிடைத்தது. மாமியார் உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். சின்னவள் புகழ்தான். சூட்டக்கா துணி மடித்தபடி முழுக்கக் கேட்டாள். மறுநாள் நேரே கண்ணாடி அறைக்குப் போனாள்.

"இந்தக் கோப்பு எழுதற வேலையை எனக்கும் சொல்லிக்குடு."

ஓரகத்தி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கக்கா."

முதல் பக்கம் எழுத ஒரு வாரம் பிடித்தது. ஓரகத்தி அதில் பாதியைச் சிவப்பு மையால் அடித்துக் கொடுத்தாள்.

"ஒரு தப்பும் இல்ல. வேணும்னே அடிக்கிறா" என்று சூட்டக்கா கணவனிடம் பொருமினாள். அவன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, சிவப்பு மையில் திருத்தியிருந்த ஒரு பிழையைத் தொட்டுக் காட்டித் திருப்பிக் கொடுத்தான். அவள் புதிதாக ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.