அறுபத்துநாலு எலுமிச்சைக் கன்றுகள்

வேதவள்ளியை நினைத்தால் அவள் மேல் மரியாதையும், அவளைச் சுற்றியிருந்த எங்கள் ஜனத்தின் மேல் அருவருப்பும் ஒன்றாகத்தான் வரும். பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

திருச்சிக்காரி. கடல் கடந்து வந்து, இந்த ஊரின் பென்ரோஸ் பகுதியில் ஒரு கிடங்கில் எட்டு வருஷம் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டியவள். நாற்பத்தோரு வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு, தோட்டக்கலையும் நிலப்பரப்பு மேலாண்மையும் படிக்க வந்து சேர்ந்தாள். வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் அவளும் நானும்தான். மண்ணை விரலால் நசுக்கிப் பார்த்தே களியா வண்டலா என்று சொல்லிவிடுவாள். ரயிலில் செடிகளின் லத்தீன் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டே வருவாள்.

எங்கள் ஆட்களுக்கு இது பெரிய வேடிக்கை. "புல்லு வெட்டுறதுக்கு ஒரு டிகிரியாம்மா?" என்று தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் மைக்கிலேயே கேட்டார் செல்வராஜ். வேதவள்ளியின் கணவர் ராஜூவுக்குக் கிடங்கில் வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர். கூட்டம் சிரித்தது. ராஜூவும் சேர்ந்து சிரித்தார். சிரித்த அதே ஆட்கள் அடுத்த வாரமே வாடிய மல்லிகைத் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். சொரணை என்று ஒன்று இருந்தால்தானே.

கடைசி வருஷத்தில் அவளுக்கு இருந்தது ஒரே ஒரு பெரிய வேலை. கல்லூரியின் கிளாஸ்ஹவுஸில், அந்தக் கண்ணாடிக் கூடத்தில், அறுபத்துநாலு எலுமிச்சைக் கன்றுகளை நான்கு வித மண்கலவையில் வளர்த்து, வாராவாரம் அளந்து, அறிக்கை எழுத வேண்டும். அது முடிந்தால் பட்டம். மூன்று வாரம்தான் பாக்கி.

ஆகஸ்டில், இங்கே அது குளிர்காலம், ஒரு திங்கட்கிழமை காலை, "சீக்கிரம் வா" என்று என்னை போனில் அழைத்தாள். ஓடிப் போய்ப் பார்த்தால், கன்றுகளுக்கு நடுவே ஒரு கறிவேப்பிலைத் தொட்டி. கொழுந்தெல்லாம் சுருண்டிருந்தது. இலைக்கு அடியில் எள்ளளவுப் பூச்சிகள், பின்பக்கத்தைத் தூக்கியபடி வரிசையாக உட்கார்ந்திருந்தன. பாடத்தில் படம் பார்த்திருக்கிறோம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோயைப் பரப்பிச் சாகடிக்கிற பூச்சி. இந்த நாட்டுக்குள் வரவே கூடாதது. பக்கத்துக் கன்றுகளிலும் நாலைந்து ஏறிவிட்டிருந்தன.

ராஜூவை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அது செல்வராஜ் அண்ணனோடது வேதா. அவரு மாமியா ஊர்லேர்ந்து புடவைக்குள்ள சுத்திக் கொண்டாந்தாங்க. குளிருல வாடுதுன்னு குடுத்தாரு. நேத்து உனக்குச் சோறு கொண்டாந்தேன்ல, அப்ப வச்சேன். எல்லாம் பச்சையாத்தானே இருக்கு, யாருக்குத் தெரியப்போவுது?"

விமான நிலையத்தில் செடி எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கூட்டம். ஆனால் நான் மட்டும் என்ன ஒழுங்கு? "தொட்டியைக் கட்டித் தூக்கி எறிஞ்சிடலாம், கன்னுக்கெல்லாம் மருந்து அடிச்சிடலாம், மூணு வாரந்தானே" என்றுதான் என் வாயிலும் வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு வெறுப்பு.

"இந்த ஊர்ல எத்தனை வீட்டுக் கொல்லையில எலுமிச்ச மரம் நிக்குது, பாத்திருக்கீல்ல?" என்றாள் வேதவள்ளி. எங்கள் ஆசிரியரை அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அதிகாரிகளுக்குப் போன் பறந்தது.

மதியமே வெள்ளை உடுப்பில் வந்தார்கள். கன்றுகள் ஒவ்வொன்றையும் வேரோடு பிடுங்கிப் பையில் அடைத்து முத்திரை வைத்தார்கள், எரிப்பதற்கு. எண்களை வாசித்துச் சொன்னது வேதவள்ளிதான். அறுபத்துநாலு வரைக்கும் குரல் பிசகவில்லை. மறுபடி விதை போட்டு, மறுபடி அளந்து, பட்டம் வாங்க இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்று ஆசிரியர் சொன்னபோதுதான் உட்கார்ந்து அழுதாள்.

சாயங்காலம் அவளை வீட்டில் விடப் போனேன். எங்களுக்கு முன்பே செல்வராஜ் வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார், ஸ்வீட் பாக்ஸோடு. கன்றுகள் என்ன ஆயின என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தங்கச்சி, ஆபீசருங்க கேட்டா, அந்தச் செடிய படிப்புக்காக நீயே வரவழைச்சதாச் சொல்லிடும்மா. ஸ்டூடண்ட்டுன்னா விட்டுருவாங்க. என் சிட்டிசன்ஷிப் ஃபைல் இன்னும் ஆபீசுல நிக்குது, இதுல மாட்டினா அதுவும் போச்சு."

வேதவள்ளி கணவரைப் பார்த்தாள். ராஜூ தரையைப் பார்த்தார்.

"அண்ணன் நமக்கு எவ்வளவு செஞ்சிருக்காரு. சொல்லிடேன் வேதா."

மனுஷனா இவன் என்று எனக்குக் கை பரபரத்தது. அவள் நிதானமாகக் கோட்டைக் கழற்றி மாட்டினாள்.

"மத்தியானமே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேண்ணே. கொண்டாந்தது உங்க வீடு. உள்ள வச்சது என் வீட்டுக்காரர். ரெண்டு பேரையும் நாளைக்குக் காலையில விசாரிக்க வராங்க."

ராஜூ அப்போதுதான் தலையைத் தூக்கினார்.