கழுவாமல் விட்ட மூட்டை

கோட்டுகால் கடலோரத்தில் இருந்த ஓர் இறால் குஞ்சு பொரிப்பகத்தில் தொட்டி கழுவுகிறவள் மார்கிரெட். சுத்தம் என்றால் அவளுக்கு உயிர். தொண்ணூற்றாறில் திருநாளுக்கு வீட்டைக் கழுவின கை சும்மா இருக்குமா? பொரிப்பகத்து வடிகட்டித் தொட்டியில் வலைமூட்டைகளுக்குள் வழுவழுவென்று கிடந்த சிப்பிகளையும் அள்ளிப்போட்டு, பிளீச்சிங் பவுடரால் தேய்த்து வெளுத்துவிட்டாள். இரண்டு மூட்டைதான் சோம்பலில் மிச்சம்.

அந்த வழுவழுப்புதான் பாக்டீரியா, இறாலின் கழிவிலுள்ள அம்மோனியா நஞ்சைத் தின்று தீர்ப்பது அதுதான் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? திருநாள் முடிந்து தாய் இறால்கள் வந்தன. மூன்றாம் நாள் சோதனைக் குழாயில் மருந்து விட்டதும் தண்ணீர் கரும்பச்சையானது. அத்தனையும் நஞ்சு. இறால்கள் சாயத் தொடங்கின.

"யாரெங்கிலும் சிப்பியக் கழுவினியளா?" என்று மேற்பார்வையாளர் ரெனில் கேட்டான்.

தான்தான் என்று மார்கிரெட் எப்படிச் சொல்வாள்? சொன்னால் வேலை போய்விடும்.

"கழுவாத மூட்டை ரெண்டு கெடக்கு சாரே," என்று மட்டும் சொன்னாள்.

"அந்த வழுவழுப்பச் சுரண்டித் தண்ணியில கலக்குங்க அக்கா. நஞ்சத் திங்கிற பாக்டீரியா அதுலதான் இருக்கு. எல்லா எடமும் பரவட்டும்."

ஒரு மூட்டையை முதல் தொட்டியில் அப்படியே செய்தாள். அடுத்ததில் கை நின்றது. கரையில் கூடிநின்று கரைமடி வலை இழுக்கிற ஊரில் பிறந்தவள். ஆள் கூடாமல் அங்கே எவனும் கயிற்றைத் தொடமாட்டான். திருநாளுக்கு இறால் இல்லாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்த இதுகளைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் வேலை நடக்குமா? சுரண்டாமலே அந்த மூட்டையை இரண்டாம் தொட்டியில் இறக்கினாள்.

கலக்கிய தொட்டியின் தண்ணீர் சோதனைக் குழாயில் கரும்பச்சையாகவே நின்றது. மூட்டைத் தொட்டியினுடையதோ நாலாம் நாள் நஞ்சு தீர்ந்து, வெளிறி மஞ்சளானது. எனக்க மாதாவே! இறால்களை அதற்கு மாற்றினார்கள். பாதிக்கு மேல் பிழைத்தன.

இதுகள் தங்களுக்குள் என்னதான் பேசிக்கொள்கின்றன? அந்தக் கேள்வி அவளை விடவேயில்லை. இரண்டு வருடம் கழித்து ரெனில் ஏதோ கருத்தரங்குக்குப் போய் பதிலோடு வந்தான்.

"ஒவ்வொண்ணும் ஒரு ரசாயனத்த வெளிய விடுமாம் அக்கா. கூட்டமா இருந்தா அது செறிஞ்சு, பட்டினி கெடந்ததெல்லாம் சட்டுனு முழிக்குமாம். தனியா கெடந்தா தாமசமாவுமாம்."

"நான் அண்ணைக்கே நெனச்சேன், பாத்தியளா!" குதித்த குதியில் அவள் வாய்ப்பூட்டும் கழன்றது. "சாரே, அந்தச் சிப்பியக் கழுவினது நானாக்கும்."

"தெரியும்."

"எப்பிடி?"

"திருநாள் பூசை முடிஞ்சு எங்கிட்ட பேசினிய இல்லியா? புதுச்சேலைக்கு மேல பிளீச்சிங் மணம்."

"பின்ன ஏன் மொதலாளிகிட்ட சொல்லல்ல?"

"நாலு நாளு பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். நாலாம் நாளு தண்ணி மஞ்சளாச்சே."

மார்கிரெட் தன் உள்ளங்கையை மோந்து பார்த்தாள்.