ஆர்டர் வந்தவன் அடிக்க வேண்டிய பெனால்டி

அரைக்கால் சட்டையின் உள்பையில் நாலாக மடித்த ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு மேட்ச் முழுக்க ஓடியிருக்கிறேன். வியர்வையில் நனைந்துவிடுமோ, கீழே விழுந்துவிடுமோ என்று பந்தைவிட அந்தப் பையின் மேல்தான் என் கவனம் இருந்தது. திருவொற்றியூர் இரும்புத் தொழிற்சாலையில் மூன்று வருஷம் பதிலியாக அல்லாடிய என்னைப் பர்மனென்ட் ஆக்கி, அன்று மத்தியானம் கையில் கொடுத்த ஆர்டர் அது. ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்க வேண்டிய சேதி. ஆனால் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. எங்கள் கேப்டன் போட்டிருந்த ஒரு சட்டம்தான் அதற்குக் காரணம்.

கேப்டன் ராயபுரத்துக்காரர், தொழிற்சாலையில் ஃபிட்டர். வெறுங்காலோடு பந்து ஆடிய காலம் அது. மேட்சுக்கு முன்னால் எல்லோருடைய கணுக்காலிலும் துணிக்கட்டை அவரே சுற்றிவிடுவார். டீமில் அவர் ஒருவர்தான் பர்மனென்ட். மற்ற பத்துப் பேரும் பதிலிகள், பந்து ஆடத் தெரியும் என்பதற்காகவே கேட்டுக்குள் விடப்பட்டவர்கள். காலையில் டைம் ஆபீஸ் ஜன்னலில் பேர் கூப்பிட்டால் அன்றைக்கு வேலை உண்டு, இல்லாவிட்டால் வந்த வழியே நடக்க வேண்டியதுதான். முந்தின வருஷம் சடையங்குப்பத்துக்காரன் ஒருவன் பெனால்டியை வெளியே அடித்துவிட்டான். மறுநாளிலிருந்து அந்த ஜன்னலில் அவன் பேர் கேட்கவில்லை. மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் மானேஜர் துரை ஏதாவது சொன்னாரா என்று யாருக்கும் தெரியாது. ஒன்றரை மாசம் வந்து வந்து நின்று பார்த்துவிட்டு அவன் வருவதை நிறுத்திக்கொண்டான்.

அதற்கப்புறம்தான் கேப்டன் அந்தச் சட்டத்தைப் போட்டார். “இனிமே பெனால்டின்னா பர்மனென்ட் ஆளுதான் அடிக்கணும். உட்டாலும் அவன் சோத்துல எவனும் மண்ணு போட முடியாது.” அவரைவிட நான் நன்றாகக் குறி பார்த்து உதைப்பேன் என்பது அவருக்கே தெரியும். “உனக்கு ஆர்டர் வரட்டும் நைனா, அல்லா பெனால்டியும் உனுக்குத்தான்” என்று என் முதுகில் தட்டுவார்.

அந்த ஆர்டர்தான் வந்திருந்தது, சனிக்கிழமை, இறுதி ஆட்டத்தன்று. ஆனால் அதன் கடைசி வரியில், ஆறு மாதம் பார்த்த பிறகே வேலை உறுதி என்று இருந்தது. கேப்டன் சட்டத்தில் இந்த ஆறு மாதத்துக்கு இடமில்லை, ஆர்டர் வந்தவன் அடித்தே ஆக வேண்டும். எனக்கோ அந்த ஒரு வரியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. இன்று ஒருநாள் வாயை மூடிக்கொண்டிருப்போம், திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

இரண்டாம் பாதியில் கேப்டனுக்கு வலது முழங்கால் பிசகியது. மாற்று ஆள் இறக்குகிற வழக்கமெல்லாம் அப்போது கிடையாது. அவர் கோட்டோரம் உட்கார்ந்துவிட, பத்துப் பேரோடு ஆடினோம். ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது ரெஃப்ரி எங்களுக்குப் பெனால்டி கொடுத்தார். எல்லோரும் கத்தினார்கள். நான் உள்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

எர்ணாவூர்ப் பக்கத்து மீனவன் ஒருவன் எங்கள் டீமில் இடதுபுறம் ஆடுவான். அவன் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, “நான் அட்ச்சிக்கிறேண்ணே” என்றான்.

“கீழ வெச்சிட்டுப் போடா. நாளிக்கு இன்னாத்த துன்னுவே?” என்று கேப்டன் கத்தினார். பிறகு எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். “எவனுக்காவது ஆர்டர் வந்துகீதாடா?”

நான் குனிந்து, நன்றாக இருந்த கணுக்கால் கட்டை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன். நிமிர்ந்தால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். அந்தப் பக்கம் துரையின் பூட்ஸ் மட்டும் தெரிந்தது. முடிச்சுப் போட்டு முடித்தும் நான் நிமிரவில்லை.

ரெஃப்ரியைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டு, கேப்டனே நொண்டிக்கொண்டு உள்ளே வந்தார். வலது காலால் உதைக்க முடியாது. இடது காலை வீசினார். உடம்பின் பாரம் மொத்தமும் பிசகிய முழங்காலில் இறங்கியது. பந்து மெதுவாக உருண்டு கோலியின் கைக்குப் போயிற்று. கேப்டன் மண்ணில் கிடந்தார். அவர் முழங்காலில் ஏதோ அறுந்த சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டதா, நானாக நினைத்துக்கொண்டதா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அவர் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த மட்டில் அவர் சட்டம் சரிதான். ஆனால் அதோடு அவருடைய ஆட்டம் முடிந்தது. ஆர்டர் எனக்கு ஆறு மாதத்தில் உறுதியாகி, முப்பத்து மூன்று வருஷம் அந்தச் சம்பளத்தில் சாப்பிட்டேன். இப்போது டிவியில் பெனால்டி என்றால் சின்னச் சின்னப் பையன்கள் நான் நான் என்று முன்னால் வருகிறார்கள். வீட்டில் எல்லோரும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்கள். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுவேன்.

அந்த ஆட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் கேப்டனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு முன்னால் சேதி போய்ச் சேர்ந்திருந்தது.

“ஆர்டர் வந்துச்சாமே. எப்ப?”

“இன்னிக்குக் காலையிலண்ணே” என்றேன். தடுமாறாமல்தான் சொன்னேன்.

அவர் முகமெல்லாம் சிரிப்பு. என் கையைப் பிடித்துக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்தார்.

“நல்ல காலம்டா நைனா. சனிக்கெயமயே வந்திருந்தா உன்னத்தான் அடிக்கச் சொல்லியிருப்பேன். துரையப் பாத்த பயத்துல நீ உட்டிருப்பே. தப்பிச்சிக்கினே, போ.”