காசில்டாவின் மூக்கு

இடுப்பெலும்பு முறிந்து நான்கு மாதம் வீட்டில் கிடந்த காசில்டா, வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு ஒயின் ஆலையின் சுவைக்கூடத்து அலமாரியைத் திறந்து ஒயின் கோப்பை ஒன்றை எடுத்தாள். துடைக்கும் முன் மூக்கருகே கொண்டுபோவது அவள் வழக்கம். கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டாள். மழையில் நனைந்த அட்டைப்பெட்டியைப் பூட்டிய அறைக்குள் போட்டு மறந்தால் வருமே, அந்த வாடை.

அந்த வாடையைப் பற்றி ஸ்பெயினின் ரியோஹா ஒயின் வட்டாரத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. பதினாறு வயதில் இதே ஆலையில், பாட்டில் அடைக்கும் தக்கைகளைச் சோதிக்கும் தக்கை அறையில் சேர்ந்தவள். வந்திறங்கும் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் முப்பது தக்கைகளை எடுத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் அந்த வாடை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் அதைத்தான் செய்தாள். ஒருமுறை வாடை அடிக்கிறதென்று ஒரு லாரி நிறையத் தக்கையை அப்படியே திருப்பி அனுப்பினாள். லாரிக்காரன் வாசலில் நின்று அவளை மோப்ப நாய் என்று திட்டிவிட்டுப் போனான். ஆலையில் அதையே செல்லப் பெயராக்கிவிட்டார்கள், அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. பிறகு அந்த வேலைக்கு எந்திரம் வந்தது, காசில்டா கோப்பை கழுவ வந்தாள்.

முதலாளி அன்செல்மோ அவள் இல்லாத நாட்களில் சுவைக்கூடத்தைக் கல்யாணப் பெண்ணாக்கி வைத்திருந்தார். சுவரெல்லாம் நீல ஓடு, மேசைக்குப் பளிங்கு, நாற்காலிக்குச் சிவப்பு வெல்வெட், தூண்களில் தங்கப்பூச்சோடு கொடிகள். எல்லாவற்றுக்கும் மேலே, இடித்த மடாலயம் ஒன்றிலிருந்து வந்த பழைய உத்தரங்களில் செதுக்கிய கூரை. அதில் நூற்றுப்பத்துத் திராட்சைக் குலைகள், ஒன்றைப் போல் ஒன்று இல்லை. செதுக்கியவன் அவள் மகன் எலோய்.

இறந்துபோன அப்பா விட்டுப்போன தச்சுப்பட்டறையில் ஒன்பது வருஷம் கதவும் ஜன்னலும் செய்து காலம் தள்ளியவன் அவன். இந்தக் கூரை வந்த பிறகுதான் செய்தித்தாளில் அவன் படம் வந்தது. இன்னும் இரண்டு ஆலைக்காரர்கள் கூரை வேண்டுமென்று பேசி வைத்திருந்தார்கள். இன்று பதினோரு மணிக்கு டென்மார்க்கிலிருந்து பெரிய வியாபாரிகள் ஒயின் சுவைக்க வருகிறார்கள். அவர்களிடம் சிற்பியை அறிமுகப்படுத்த வேண்டுமென்று முதலாளி அவனை வரச் சொல்லியிருந்தார். எலோய் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு அந்தக் கூரைக்குக் கீழேதான் நின்றிருந்தான்.

காசில்டா அண்ணாந்து பார்த்தாள். மனது வேண்டாம் வேண்டாம் என்றது, மூக்கு கேட்கவில்லை. மகனின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்கிற சாக்கில், மரத்துக்கு என்ன பூசினாய் என்று மெதுவாகக் கேட்டாள்.

"அப்பாவோட பழைய டின் ஒண்ணு பட்டறைல இருந்துச்சும்மா, புழு மருந்து. இப்பெல்லாம் கடைல அது வர்றதே இல்ல. ரெண்டு பூச்சு குடுத்திருக்கேன், நூறு வருஷத்துக்குப் புழு கிட்ட வராது" என்றான் பெருமையாக.

அந்த மருந்தைக் கடைகளில் ஏன் நிறுத்தினார்கள் என்று தக்கை அறைப் பெண்களுக்குத் தெரியும். மரத்தில் ஏறிய மருந்து ஈரத்தோடும் பூஞ்சையோடும் சேர்ந்துவிட்டால், அந்த அறையிலிருக்கும் கோப்பை, தக்கை, ஒயின் ஒன்றையும் விடாது.

வாயைத் திறக்காமல் சமாளிக்க முடியுமா என்று பார்த்தாள். பெற்றவள் வேறென்ன செய்வாள். பன்னிரண்டு கோப்பைகளைக் கொதிநீரில் கழுவி முற்றத்தில் வைத்து முகர்ந்தாள், சுத்தமாக இருந்தன. கூடத்துக்குக் கொண்டுவந்து அரைமணி கழித்து முகர்ந்தாள். வாடை திரும்பி வந்துவிட்டது. கடிகாரம் பத்தேகாலைத் தாண்டியிருந்தது.

ஒயின் தயாரிப்பைக் கவனிக்கும் நியேவெஸை அழைத்துக் கோப்பையை நீட்டினாள். கெட்டிக்காரப் பெண். முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லையே அக்கா என்றாள். முதலாளியும் முகர்ந்தார், அவருக்கும் தெரியவில்லை. நாலு மாதம் மருந்து வாசனையிலேயே கிடந்ததில் மோப்பம் கெட்டுவிட்டதோ என்று கேலி செய்தார். எலோய்க்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"அம்மா, இன்னிக்கு வேணாமே" என்றான்.

அவன் எதையோ ஊகித்துவிட்டான் என்று அந்தக் குரலே சொன்னது. நியேவெஸும் முதலாளியும் பொய் சொல்லவில்லை என்று காசில்டாவுக்குத் தெரியும். மூன்று மாதமாக இந்தக் கூடத்திலேயே புழங்கியதில் இவர்கள் மூக்கு வாடையோடு சமாதானமாகிவிட்டது. இன்னும் முக்கால் மணியில் வரப்போகிறவர்களுக்கு அந்தச் சமாதானம் கிடையாது. கோப்பையைத் தூக்கியதுமே கீழே வைத்துவிட்டு, ஒயின் கெட்டுப்போச்சு என்று ஊரெல்லாம் சொல்வார்கள்.

தொழிலாளர் சாப்பாட்டு அறையிலிருந்து ஒரு கோப்பை எடுத்து வந்தாள், கூடத்து அலமாரியிலிருந்து இன்னொன்று. அலமாரிக் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனவள், மறுபடி ஒருதரம் முகர்ந்து பார்த்தாள். ஒரே பாட்டிலிலிருந்து இரண்டிலும் ஊற்றினாள்.

"தோட்டத்துக்கு வாங்க முதலாளி. பத்து நிமிஷம் காத்துல நின்னுட்டு அப்புறம் மோந்து பாருங்க. ரெண்டும் ஒண்ணுன்னு நீங்க சொன்னா, நான் இப்பவே வீட்டுக்குப் போயிடறேன், நாளைக்கும் வரல."

பத்து நிமிஷமா, விளையாடுகிறாயா என்று அவர் சீறினார். ஆனால் நியேவெஸ் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள், வேறு வழியில்லாமல் அவரும் முணுமுணுத்துக்கொண்டே போனார். கொடிகளுக்கு நடுவே நால்வரும் நின்றார்கள். அன்செல்மோ நிமிஷத்துக்கு ஒருதரம் சாலையை எட்டிப் பார்த்தார். எலோய் தாயைப் பார்க்கவே இல்லை.

நியேவெஸ்தான் முதலில் முகர்ந்தாள். ஒரு கோப்பை, பிறகு மற்றது, மறுபடி முதல் கோப்பை. அவள் முகம் வெளுத்தது. இரண்டையும் முதலாளியிடம் கொடுத்தாள். அவர் முகர்ந்துவிட்டுத் தரையில் துப்பினார்.

"எங்கேருந்து வருது இது?"

அலமாரி என்று சொல்லியிருக்கலாம். புது வார்னிஷ் என்று எதையாவது உளறியிருக்கலாம். ஆனால் கூடத்துக்கு நேர் கீழே நிலவறையில் அறுநூறு பீப்பாய் ஒயின் கிடக்கிறது, வாடை அதற்குள்ளும் இறங்கிவிடும். காசில்டா மகன் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"கூரை மரம். அதுல பூசின மருந்து."

நான்தான் பூசினேன் என்று எலோய் உடனே சொன்னான். யாரும் அவனைக் கேட்டிருக்கவில்லை. நியேவெஸ், பீப்பாய்களை இன்றைக்கே வேறு நிலவறைக்கு மாற்ற வேண்டும் என்று ஆட்களைக் கூப்பிட ஓடினாள்.

டென்மார்க்காரர்களைச் சாப்பாட்டு அறையில், ரெக்ஸின் விரித்த மேசையில்தான் உட்கார வைத்தார்கள். ஒயினை முகர்ந்தார்கள், குடித்தார்கள், தலையாட்டினார்கள். படத்தில் பார்த்த கூரை எங்கே என்று ஒருவர் கேட்டபோது, வேலை நடக்கிறது என்று சொல்லிச் சமாளித்தார் அன்செல்மோ. அவர்கள் கார் வாசலைத் தாண்டியதும் எலோயிடம் வந்து, ஒரு துண்டு மரம்கூட உள்ளே இருக்கக் கூடாது, நாளைக்கே பிரித்துக்கொண்டு போய்விடு என்றார். மற்ற இரண்டு ஆலைகளுக்கும் சாயங்காலத்துக்குள் சேதி போய்விடும் என்பதை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

எலோய் கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு வண்டியருகே நின்றான். காசில்டா நொண்டிக்கொண்டே அவனிடம் போனாள். அவன் கண்ணில் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் இருந்தது.

"சொன்னது தப்புன்னு சொல்லலம்மா. இன்னிக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், பொறுத்திருக்கக் கூடாதா?"

"உனக்காகப் பொறுத்திருப்பேன்டா. ஆனா காலைல ஒம்பது மணிக்கு அலமாரியத் திறந்தப்போ மூச்சு முட்டுச்சு. பத்தரை மணிக்கு அதே அலமாரிக் கோப்பைய ரெண்டு தரம் மோந்தாத்தான் தெரிஞ்சுது. நாளைக்கு எனக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."